இன்ச் லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட முடியுமா?

கேள்வி:
எங்கள் பட்டறையில் உள்ள பழைய லேத் (கடைசல் இயந்திரம்) முழுக்க இன்ச் கணக்கில் அமைந்தது. லீட் ஸ்க்ரூவில் (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகு) இன்ச்சுக்கு 8 மரை. டயலில் ஒரு கோடு என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போது வரும் வரைபடங்களோ எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கின்றன. 1.5 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரு மரைகளின் இடைவெளி) கொண்ட மரையைத் துல்லியமாக வெட்ட வழி உண்டா? ஸ்பேனர்களும் டேப்புகளும் (துளைக்குள் மரை வெட்டும் கருவிகள்) இரண்டு அளவிலும் கலந்து கிடக்கின்றன; அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்:
லேத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரு இன்ச் என்பது சரியாக 25.4 மி.மீ., அதாவது 5 இன்ச் சரியாக 127 மி.மீ. ஆகையால், 127 பல் கொண்ட கியர் ஒன்று இருந்தால் கணக்கு பிசகாது. உங்கள் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 3.175 மி.மீ.; எனவே ஸ்பிண்டிலின் (வேலைப்பொருளைச் சுழற்றும் முக்கியத் தண்டு) வேகத்திலேயே சுழலும் தண்டில் 60 பல் கியரையும் லீட் ஸ்க்ரூவில் 127 பல் கியரையும் மாட்டினால் 1.5 மி.மீ. கிடைக்கும். 60க்குப் பதில் 50 மாட்டினால் 1.25, 80 மாட்டினால் 2 மி.மீ. ஆனால் மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் (டூல் வண்டியை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பிளவு நட்டு) திறக்கவே கூடாது. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலைப் பின்னால் இழுத்துவிட்டு, மோட்டாரைத் திருப்பி ஓட்டியே தொடக்கத்துக்கு வர வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ஆனால் 127 பல் கியர் எங்கள் லேத்தின் மூடிக்குள் அடங்காது போலிருக்கிறது.

பதில்:
அப்படியானால் 63 பல் கியர் போதும். ஸ்பிண்டில் வேகத்தில் சுழலும் தண்டில் மாட்டிய 63 பல் கியர் 80 பல் கியரை ஓட்டட்டும். அந்த 80 பல்லோடு ஒரே தண்டில் இருக்கும் 30 பல், லீட் ஸ்க்ரூவின் 50 பல்லை ஓட்டட்டும். 100 மி.மீ. நீளத்துக்கு வரும் பிழை ஏறக்குறைய 0.0125 மி.மீ. மட்டுமே, சாதாரண போல்ட், நட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. டயலில் 0.1 மி.மீ.க்கு 4 கோடு என்று கொள்ளலாம். ஆனால் 1 மி.மீ.க்கு 40 கோடு என்று பெருக்கினால் 0.016 மி.மீ. கூடுதலாக வெட்டிவிடும், ஆகவே கடைசி வெட்டை மி.மீ. மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு பதில்:
ஸ்பேனரைவிட மரைதான் ஆபத்தானது. 3 நூல், அதாவது 3/8 இன்ச் போல்ட்டில் 10 மி.மீ. நட்டு சில சுற்றுகள் தளர்வாக ஏறும். பொருந்திவிட்டதாக நம்பி முறுக்கினால் மரை அறுந்துவிடும். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இன்ச் முறை) மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரைக்கு 60 பாகை என்பதால் பிட்ச் கேஜையும் (மரையோடு பொருத்திப் பார்க்கும் அளவுத் தகடு) இரண்டு வகையாக வைத்திருங்கள். ஸ்பேனரில் 19 மி.மீ.யும் 3/4 இன்ச்சும் ஒன்றுக்கொன்று உதவும், 13 மி.மீ. ஸ்பேனரை அரை இன்ச் தலையில் போட்டால் முனைகள் உருண்டுவிடும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டமே தவிர, தலையின் அகலம் அல்ல. டேப், டை (கம்பியின் வெளிப்புறத்தில் மரை வெட்டும் கருவி), நட்டு மூன்றையும் இன்ச்சுக்கு ஒரு பெட்டி, மி.மீ.க்கு ஒரு பெட்டி என்று பிரித்து, இன்ச் பெட்டிக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள்.