ஆங்கோர் தோம் வாயில்களில் இருப்பது பாற்கடல் கடையும் காட்சிதானா?

நாச்சியார் (கேள்வி):

தை மாதத்தில் குடும்பத்துடன் கம்போடியா செல்லவிருக்கிறோம். அதற்காகப் படங்களையும் குறிப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த ஓர் ஐயத்தை இங்குள்ள அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

கெமர் அரசர்களின் பழைய தலைநகரான ஆங்கோர் தோம் நகரின் தெற்கு வாயிலுக்கு முன்னால் அகழியைக் கடக்கும் பாதையின் இருபுறமும், இடப்பக்கம் 54 தேவர்களும் வலப்பக்கம் 54 அசுரர்களும் நாகத்தின் உடலைப் பற்றியபடி அமர்ந்திருக்கிறார்கள். இது பாற்கடல் கடைந்த கதை என்றே நான் படித்த குறிப்புகள் எல்லாம் கூறுகின்றன. ஆனால் நாம் அறிந்த கதையில் வாசுகி ஒன்றுதான். நடுவே மந்தர மலை நிற்கும். தேவர் ஒரு முனையையும் அசுரர் மறுமுனையையும் பிடித்து எதிரெதிராக இழுப்பார்கள். ஆங்கோர் வாட் கோயிலின் புடைப்புச் சிற்பத்திலும் அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள். இந்த வாயிலிலோ வரிசைக்கு ஒரு நாகமாக இரண்டு நாகங்கள் உள்ளன. இரண்டும் பாதையின் வெளிமுனையில் படம் விரித்து நிற்கின்றன. பிடித்திருப்பவர்களும் நகரத்துக்கு முதுகைக் காட்டி, தேரின் இரண்டு வடங்களைப் பிடித்தவர்களைப் போல ஒரே திசையை நோக்கியிருக்கிறார்கள். இடையில் மலையும் இல்லை, ஆமையும் இல்லை. அப்படியிருக்க இதைக் கடைதல் என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவதாக, அந்நகருக்கென்று எங்களால் ஒரு நாள்தான் ஒதுக்க இயலும். பாயோன் கோயிலின் கோபுர முகங்களைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் மதிலையும் வாயில்களையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உடன் வரும் என் தந்தையார் வயதானவர். செங்குத்தான படிகள் அவருக்கு ஆகாது. எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

கல்தேரி:

அம்மா, தாங்கள் எழுப்பியது மேலோட்டமான ஐயம் அன்று. இது குறித்து அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே ஒருமித்த கருத்து இல்லை.

கடைதல் என்று கொள்பவர்கள், மந்தர மலையை வாயிலில் தேடக் கூடாது, நகரின் நட்டநடுவில் நிற்கும் பாயோன் கோயிலே அந்த மலை என்கிறார்கள். அகழி பாற்கடல், வாயிலின் வெளியே தெரியும் நாகங்கள் நகரின் ஊடாகச் சென்று அந்த மலையைச் சுற்றி வருவதாக நாம் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு நகரம் முழுவதையும் ஒரே சிற்பமாகக் காணும் கற்பனை என்பதால் இதற்குத் தனிக் கவர்ச்சி உண்டு. கதை அக்காலத்துச் சிற்பிகளுக்கு நன்கு தெரிந்த ஒன்று என்பதிலும் ஐயமில்லை; பாயோனின் உள் சுற்று மண்டபத்திலேயே பாற்கடல் கடையும் சிற்பம் தனியாக இருக்கிறது. ஆனால் அதுவே எனக்கு எதிர்ச்சான்றாகவும் படுகிறது. அங்கே மலையோடு கதையை முறைப்படி காட்டத் தெரிந்தவர்கள், வாயிலில் மட்டும் அதன் இன்றியமையாத உறுப்புகளை ஏன் விட்டார்கள்?

மற்றொரு விளக்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் பால் முஸ் முன்வைத்தார். நாகம் வானவில்லைக் குறிக்கிறது, வானவில் மனிதர் உலகையும் தேவர் உலகையும் இணைக்கும் பாலம், ஆகவே நாகக் கைப்பிடியுள்ள பாதையில் நடந்து வாயிலுக்குள் நுழைபவர் தேவர்களின் நகரத்துக்குள் நுழைகிறார் என்பது அவ்விளக்கத்தின் சாரம். ஜான் புவாசெலியே இதை இன்னொரு வழியில் அணுகி, நகரமே இந்திரனுடைய தலைநகரின் மாதிரி என்றார். வாயிலின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். மூலைகளில் மூன்று தலைகளுடைய ஐராவதம், துதிக்கையால் தாமரையைப் பறித்தபடி நிற்கிறது. பாற்கடல் கதையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த யானைகள் வாயிலைத் தாங்கி நிற்பதை விளக்குவது கடினம். இந்திரபுரி என்று கொண்டால் அவை தம் இடத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது, நகரம் உயிரோடு இருந்தபோது அதைக் கண்ட ஒருவரின் சாட்சியத்தைத்தான். சீனத் தூதுக்குழுவுடன் வந்த சௌ தாகுவான் 1296 முதல் 1297 வரை ஏறக்குறைய ஓராண்டு இங்குத் தங்கியிருந்தார். பாலத்தின் இருபுறமும் 54 கல் உருவங்கள் படைத்தலைவர்களைப் போலப் பெரிதாகவும் அச்சமூட்டுவதாகவும் இருந்தன என்றும், அவை பாம்பைத் தப்பிவிடாமல் பிடித்திருப்பதுபோலத் தோன்றின என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவர் கண்ணுக்குப் பட்டது காவல், கடைதல் அன்று. அவர் வெளிநாட்டவர், கதை அறியாதவர் என்று இதற்கு மறுப்புக் கூறலாம்தான். ஆயினும் இந்நகரைக் கட்டிய அரசன் ஏழாம் ஜெயவர்மனே எழுப்பிய பிரேயா கான், பந்தியே சமார் ஆகிய கோயில்களிலும் அகழியைக் கடக்கும் பாதைகளில் இதே அமைப்பு வருகிறது. எனவே இது எல்லையைக் கடக்கும் இடத்துக்கென்று அவனுடைய சிற்பிகள் வகுத்துக்கொண்ட வடிவம், காவலும் பாலமும் அதன் முதற்பொருள், பாற்கடல் நினைவு அதன்மேல் படிந்தது என்பதே என் துணிபு. இருபுறத்திலும் தேவரையும் அசுரரையும் சமமாக நிறுத்தியதால் அந்த நினைவு எழாமல் இருக்கவும் முடியாது.

அகழி:

கல்தேரி ஐயா கூறியதற்குக் கல்வெட்டிலிருந்தே ஒரு துணை உண்டு. மதிலின் நான்கு மூலைகளிலும் பிரசாத் சுருங் எனப்படும் சிறு கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டுகள் மதிலை ஜயகிரி என்றும் அகழியை ஜயசிந்து என்றும் பெயரிட்டு, ஒன்று வானத்தை உரசுவதாகவும் மற்றொன்று நாகலோகத்தின் ஆழத்தைத் தொடுவதாகவும் புகழ்கின்றன. அதாவது, நகரைக் கட்டியவர்களின் சொந்தச் சொற்களிலேயே மலை என்பது மதில். நடுவிலுள்ள கோயில் அன்று. இத்தலைநகரின் பெயரான யசோதரபுரத்தை அணிகலன் பூண்ட மணமகளாகவும் அரசனை அவளை மணந்தவனாகவும் பாடும் செய்யுளும் அக்கல்வெட்டுகளில்தான் வருகிறது.

பொறியியல் படித்தவன் என்பதால் மதிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நகரம் பக்கத்துக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள சதுரம். செம்பூராங்கல்லால் ஆன மதிலின் உயரம் சுமார் 8 மீட்டர். அகழியின் அகலம் சுமார் 100 மீட்டர். மதிலின் உட்புறம் முழுவதும் அகலமான மண் அணை முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் செங்குத்துச் சுவராகத் தெரிவது, உள்ளிருப்பவருக்கு ஏறி நடக்கக்கூடிய கரையாக இருக்கிறது. தரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்வதால் மழைநீர் முழுவதும் தென்மேற்கு மூலையிலுள்ள பெங் தோம் என்னும் குளத்தில் சேர்ந்து, மதிலுக்கு அடியில் கட்டப்பட்ட நீர்வழிகளின் ஊடாக அகழிக்குள் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். முகங்களைப் படம் எடுப்பவர்களில் ஒருவரும் அந்த மூலைக்குப் போவதில்லை. எனக்கு அந்நகரில் மிகவும் பிடித்த இடம் அதுதான். சீனப் பதிவுகளின்படி, அண்டை நாடான சாம்பாவின் சாம் படைகள் 1177இல் தலைநகரைத் தாக்கிச் சூறையாடின. 1181இல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மன் எழுப்பிய நகரம் இது என்பதை நினைத்துக்கொண்டு அந்த மதிலைப் பார்க்க வேண்டும்.

வாயில்கள் ஐந்து. திசைக்கு ஒன்று என்றால் நான்குதானே வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விடை நகரின் வயதில் இருக்கிறது. ஏழாம் ஜெயவர்மன் வெற்று நிலத்தில் கட்டவில்லை. அரண்மனை வளாகமும் அதனுள் இருக்கும் பிமியானகாஸ் கோயிலும் அதன் தெற்கே உள்ள பாபுவோன் கோயிலும் அவனுக்கு முன்பே நின்றவை. அவற்றை உள்ளடக்கி மதிலை வளைத்து, சதுரத்தின் மையத்தில் பாயோனைப் புதிதாக எழுப்பியபோது அரண்மனை மையத்துக்கு வடக்கே தள்ளி அமைந்துவிட்டது. எனவே கிழக்கு மதிலில் பாயோனுக்கு நேரே ஒரு வாயிலும் அரண்மனைக்கு நேரே ஒரு வாயிலும் தேவைப்பட்டன. முன்னதை இன்று சாவு வாயில் என்றும் பின்னதை வெற்றி வாயில் என்றும் அழைக்கிறார்கள். பாயோனுக்குத் தனியே சுற்றுமதில் இல்லாததும் இதனால்தான். நகர மதிலே அதன் மதில்.

சோணாட்டான்:

இவ்வளவு பேசியும் ஒன்றை ஒருவரும் சொல்லவில்லையே. இந்நகரைக் கட்டியவர்கள் சோழநாட்டுச் சிற்பிகள் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அது உண்மையென்றால் பாற்கடல் கதையும் இங்கிருந்துதானே சென்றிருக்க வேண்டும்?

கல்தேரி:

நண்பரே, அதற்குச் சான்று இல்லை. இந்நகரின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் உள்ளன. கட்டடமுறையும் அந்நாட்டிலேயே பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாக வளர்ந்தது. வாயிலின் மேற்கூரையைப் பாருங்கள்: கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே முன்தள்ளி அடுக்கி உச்சியில் இணைத்திருக்கிறார்கள். அதன்மேல் நான்கு திசையும் நோக்கும் முகங்களைக் கோபுரத்தின் உடலாகவே செதுக்கிய முறைக்கு நம் நாட்டுக் கோயில்களில் இணை கிடையாது. புராணமோ வைணவம், சைவம், பௌத்தம் ஆகியவற்றோடு பல வழிகளில் கடல் கடந்தது. அதற்கு ஒரே துறைமுகத்தைக் காட்ட இயலாது.

தொடர்பே இல்லை என்றும் நான் கூறவில்லை. காம்போஜ அரசன் நட்பு நாடி முதலாம் இராசேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு கூறுகிறது. அவன் முதலாம் சூரியவர்மன் என்று கருதப்படுகிறது. அந்தச் சூரியவர்மனுக்கு அதிகாரிகள் 1011இல் எடுத்துக்கொண்ட விசுவாச உறுதிமொழி, ஆங்கோர் தோம் அரண்மனையின் கிழக்கு நுழைவாயிலில் கல்வெட்டாக இன்றும் இருக்கிறது. உறவு அரசர்களுக்கு இடையே இருந்தது. அதைக் கட்டடக் கூலியாக மாற்றிச் சொல்வது இரு நாட்டினருக்கும் பெருமை அன்று.

சிற்பநேயன்:

நாச்சியார் அம்மையாரின் இரண்டாவது கேள்வி விடுபட்டுவிட்டது.

காலையில் தெற்கு வாயில் வழியாக நுழையுங்கள். மிகுதியாகச் சீரமைக்கப்பட்டது அதுவே என்பதால் அமைப்பு முழுமையாகத் தெரியும். அங்குள்ள தலைகளில் பல நகல்கள் என்பதை மட்டும் மனத்தில் கொள்க. கூட்டம் நெரிக்கும், வாகனங்கள் இடைவிடாமல் நுழையும். ஆதலால் அங்கே நெடுநேரம் நிற்க முயலாமல் பாயோனுக்குச் செல்வது நல்லது. பாயோனில் தந்தையார் மேல்தளத்துக்கு ஏற வேண்டியதில்லை. வெளிச் சுற்று மண்டபம் தாழ்வான தளத்திலேயே இருக்கிறது. அதன் சிற்பங்களே என் பார்வையில் முகங்களைவிட மேலானவை. தெற்குப் பக்கத்தில் சாம் படையுடன் நடந்த நீர்ப்போரும், படகுகளுக்கு அடியில் நீந்தும் மீன்களும், அருகே மீன் விற்கும் பெண்களும் சேவற்சண்டைக்கு முனைந்து நிற்பவர்களும் வருகிறார்கள்.

பாபுவோனைப் பாதையிலிருந்து பார்த்தால் போதும். அதன் படிகள் மிகவும் செங்குத்தானவை. எனினும் அதன் கதையைத் தந்தையாருக்குச் சொல்லுங்கள். 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலான அது சரிந்துகொண்டிருந்ததால், 1960இல் பிரெஞ்சு நிறுவனம் கற்களைப் பிரித்து எண்ணிட்டுக் காட்டில் பரப்பி வைத்து மீண்டும் அடுக்கத் தொடங்கியது. போர் வந்து பணி நின்றது. எந்தக் கல் எங்குச் சேரும் என்று குறித்த ஆவணங்கள் 1975இல் அழிந்தன. ஏறத்தாழ 3 லட்சம் கற்கள் தரையில் கிடந்தன. 1995இல் மீண்டும் தொடங்கி 2011இல்தான் முடித்தார்கள். மேற்குப் பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டில் அக்கோயிலின் கற்களைக் கொண்டே அமைத்த சயனப் புத்தர் இருக்கிறார். பொறுமையாக நின்று பார்த்தால்தான் உருவம் பிடிபடும்.

அரண்மனைக்கு முன்னுள்ள யானைகள் மேடையின் முன்னே சமதரை. அங்குத் தந்தையாரை நிழலில் அமரச் செய்துவிட்டு மற்றவர்கள் அதன் வடக்கே உள்ள தொழுநோய் மன்னன் மேடையின் உள்மதிலைப் பார்த்து வரலாம். பிறகு பாயோனுக்குத் திரும்பி, நேர்கிழக்கே செல்லும் மண்பாதையில் சாவு வாயிலுக்குச் செல்லுங்கள். தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். தையில் மழை இராது. தாங்கள் கேட்ட கேள்விக்கு அதுவே உரிய இடம். தெற்கு வாயிலைப் போலச் சீர்செய்யப்படாததால் உருவங்கள் சிதைந்தே கிடக்கின்றன. ஆனால் மணிக்கணக்கில் நின்றாலும் ஒருவரும் இடிக்க மாட்டார்கள். நடக்க இயன்றவர்கள் அங்கிருந்து மண் அணையின் மேல் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் சென்றால் தென்கிழக்கு மூலையின் பிரசாத் சுருங்கைக் காணலாம்.

மாலையில் வெற்றி வாயில் வழியாக வெளியேறினால் தா புரோம் கோயிலுக்குச் செல்லும் சாலையில் சேர்வீர்கள். ஒரு நாள் சீட்டு 37 டாலர். கோயில் வாசலில் விற்பதில்லை என்பதால் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம், வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை அனைவருக்கும் தேவை.