தென்சீனக் கடலில் அமெரிக்காவுக்கு என்ன வேலை?

நூலகவாசி, மதுரை:
கலைஞர் நூலகத்தில் குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கிறோம். நேற்று டீக்கடையில் பெரிய சண்டை. அந்தக் கடலுக்கு உரிமை கேட்பவை சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புரூணை. பட்டியலிலேயே இல்லாத அமெரிக்கா எதற்குப் போர்க்கப்பல் விடுகிறது? சின்ன நாட்டுக்குத் துணை என்கிறான் நண்பன். எனக்கு ஒப்பவில்லை.

மேலூர் வாத்தியார்:
அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் போட்ட 1951 பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறதே. பிலிப்பைன்ஸைத் தாக்கினால் அமெரிக்கா வந்தாக வேண்டும். கடலில் பெரும்பகுதி தனக்கே என்று சீனா வரைபடத்தில் போட்ட ஒன்பது கோட்டுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2016-இல் சர்வதேசத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பும் வந்தாயிற்று. நண்பர் சொல்வதில் என்ன தப்பு?

கப்பல்காரன், திருமங்கலம்:
வாத்தியாரய்யா, பாறை யாருக்குச் சொந்தம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவே இல்லை. அமெரிக்காவும் சொல்லாது. ‘நிலம் யாருதோ, என் வண்டிப்பாதையை மறிக்காதே’ என்கிற ஆள் அது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான ஐ.நா. கடல் சட்டத்தைச் சீனா ஏற்றுக் கையெழுத்துப் போட்டது, அமெரிக்கா இன்னும் அங்கீகரிக்கவில்லை. கூத்தைப் பாருங்கள்.

பிலிப்பைன்ஸில் உள்ள சூரிகாவில் நிக்கல் மண் ஏற்றிச் சீனாவுக்குப் போனோம். ராத்திரி வாட்சில், எல்லாக் கப்பலும் கேட்கும் ரேடியோ 16-ஆம் சேனலில் இரண்டு நாட்டுக் காவல் கப்பலும் ‘இது எங்கள் கடல், வெளியே போ’ என்று மாறி மாறிக் கத்துகின்றன. நடுவில் பிலிப்பைன்ஸ் மண்ணோடு நாங்கள் சீனாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். எங்களை யாரும் மறிக்கவில்லை.

தம்பி, உன் நண்பனிடம் ஒன்று கேள். 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு மேற்கே, மீன், எண்ணெய் உரிமை நமக்கே உள்ள பொருளாதார மண்டலத்துக்குள், ஜான் பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நம்மைக் கேட்காமலே போனது. போனதை அவர்களே அறிக்கை விட்டுச் சொன்னார்கள். டெல்லி ஆட்சேபித்தது. அங்கே எந்தச் சின்ன நாட்டுக்குத் துணை?

மேலூர் வாத்தியார்:
சரி, லட்சத்தீவு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிலிப்பைன்ஸ் இடத்தில் நின்று பாருங்கள். 1992-இல் அங்கிருந்த சூபிக் கடற்படைத் தளத்தை அமெரிக்கா காலி செய்தது. 1995-இல் அந்தக் கடலின் மிஸ்சீஃப் பவளத் திட்டில் சீனா கொட்டகை போட்டுவிட்டது. இன்று அது ஓடுபாதை உள்ள தீவு. 1999-இல் பக்கத்துத் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட விட்ட துருப்பிடித்த கப்பலில் பிலிப்பைன்ஸ் வீரர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோன படகை 2023, 2024-இல் சீனா தண்ணீர் பீய்ச்சி விரட்டியது. அவன் வேறு யாரைக் கூப்பிடுவான்?

நூலகவாசி, மதுரை:
கப்பல்கார அண்ணே, உங்கள் கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர் யாராவது இருந்தாரா? அவர் என்ன சொன்னார்?

கப்பல்காரன், திருமங்கலம்:
சமையல்காரர். சம்பாலேஸ் பக்கம். அவர் அண்ணன் ஸ்கார்பரோ திட்டில் மீன் பிடித்தவராம். 2012-இல் சீனா அங்கே வந்து உட்கார்ந்த பிறகு படகை விற்றுவிட்டு மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறாராம். ரேடியோவில் கத்தல் கேட்டால் இவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார்.