பதினைந்து வயது மகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள், என்ன செய்வது?

கேள்வி – ஈரோட்டுக்காரி

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். உயரம் 156 சென்டிமீட்டர். சித்திரையில் நடந்த ஒரு திருமணத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர், "இவளுக்கு ஜாக்கெட் தைக்க இனி இரண்டு மீட்டர் துணி வேண்டும்" என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து காலையில் சர்க்கரை இல்லாத காபி, மதியம் வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இரண்டரை மாதங்களில் 58 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு வந்துவிட்டாள். முதலில் நானும் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. என் மாமியாருக்கும் கணவருக்கும் சர்க்கரை நோய் இருப்பதால் இவளுக்காவது வராமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், இரண்டு மாதமாகத் தீட்டும் வரவில்லை. டிபன் பாக்ஸ் காலியாகத்தான் திரும்பி வருகிறது. ஆனால் அதைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று சென்ற வாரம்தான் தெரிந்தது. வற்புறுத்தினால் சண்டையில் முடிகிறது.

பதில் 1 – உணவியல் பணியிலிருப்பவர், மதுரை

அம்மா, எடை இறங்கிய வேகமும் மாதவிடாய் நின்றதும் சேர்ந்திருப்பதால், இதை உணவுப் பட்டியல் கொடுத்துத் தீர்க்கக் கூடாது. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காதபோது மூளை முதலில் நிறுத்தி வைப்பது மாதவிடாயைத்தான், அது நீண்டால் எலும்பின் பலமும் குறையும். எலும்பு தன் உறுதியில் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது இந்த வயதில்தான். நாடித்துடிப்பு, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, சாப்பிட்டதை வாந்தி எடுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கான உயர-எடை அட்டவணையை வைத்து அவளை அளக்காதீர்கள். 18 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தைகளுக்கென 2015இல் வெளியான வரைபடம் குழந்தைநல மருத்துவர்களிடம் இருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில், உட்கார்ந்த வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கிலோ கலோரி என்றால், 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 2,400. அதாவது உங்களைவிட உங்கள் மகளுக்குத்தான் அதிகச் சாப்பாடு வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் பரிமாறுகிறோம்.

பதில் 2 – கல்லூரி மாணவி, திருச்சி

அக்கா, நானும் பிளஸ் ஒன் படிக்கும்போது இதையே செய்தேன். பகல் முழுவதும் பட்டினி கிடந்துவிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் விளக்குப் போடாமல் முறுக்கு டப்பாவைக் காலி செய்வேன். மறுநாள் அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடப்பேன். ஓராண்டில் குறைந்ததற்கு மேலாகவே எடை ஏறிவிட்டது. "ஒரு வாய் சாப்பிடு" என்ற கெஞ்சலும் "எலும்பும் தோலுமாகப் போய்விட்டாய்" என்ற திட்டும் எனக்கு ஒன்றாகவே கேட்டன, இரண்டுமே என் உடம்பைப் பற்றிய பேச்சுத்தான். அம்மா எடை பார்க்கும் கருவியைப் பரணில் போட்டுவிட்டு, என் எதிரே தட்டை வைத்துக்கொண்டு தானும் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சற்று மூச்சு வந்தது. அந்த உறவினரிடம் உங்கள் மகளின் காதில் விழும்படி ஒரு வார்த்தை கேளுங்கள்.

பதில் 3 – இரு பிள்ளைகளின் தந்தை, சேலம்

எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்பதை முழுமையாக ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. என் மகனுக்குப் 13 வயதில் கழுத்தைச் சுற்றிக் கருமை படர்ந்தபோது, அது அழுக்கு அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று மருத்துவர்தான் சொன்னார். பேசாமல் இருந்திருந்தால் அவனை அழைத்துப் போயிருக்கவே மாட்டோம். ஆனால் அவரும் அவனைக் குறைக்கச் சொல்லவில்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் கூடும்போது சரியாகிவிடும் என்றார். அவனுக்கென்று தனிச் சமையல் செய்யாமல், வீடு முழுவதற்கும் மாற்றினோம்: சோற்றின் அளவு குறைந்து பொரியலும் பயறும் கூடின, குளிர்பானம் வாங்குவது நின்றது, டியூஷனுக்குச் சைக்கிளில் போனான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டிய வயதில், பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை.

உணவியல் பணியிலிருப்பவர்

ஐயா, நீங்கள் பேசியது நோயைப் பற்றி. அந்தப் பந்தியில் பேசப்பட்டது உருவத்தைப் பற்றி. முதலாவதைப் பேசத்தான் வேண்டும்.

ஈரோட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். "தீட்டு வராததற்காகத்தான் போகிறோம், எடைக்காக அல்ல" என்று சொன்னதும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். நேற்றிரவு அவளை அழைக்காமல் நானும் அவரும் கேழ்வரகு அடை சாப்பிட உட்கார்ந்தோம். தானாக வந்து பாதி அடை பிய்த்துக்கொண்டாள். நான் தட்டைப் பார்க்கவில்லை.