பட்டறைச் சான்றிதழ் சேர்கிறது, அமர்வில் மாற்றம் இல்லை: ஆண்டுக்கு 30 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

தனியறை:
தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளர்களிடம் ஒரு கேள்வி. தொழில் பதிவைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் பட்டறைகள் இரண்டு போய்வந்தால் 24 மணி நேரம், மிச்சத்துக்கு நாலைந்து வெபினார். கணக்கு நேராகிவிடும். ஆனால் பட்டறையில் பழகிய எக்ஸ்போஷர் முறையோ (அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது) மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்கோ (மாற்றத்துக்கான காரணங்களைக் கிளையன்ட்டையே சொல்லவைக்கும் உரையாடல் முறை) மூன்று மாதத்தில் அமர்வை விட்டு நழுவிவிடுகிறது. அலுவலகத்தில் மேற்பார்வையாளர் என்று யாரும் இல்லாத நிலையில் இதை எப்படி நிறுத்துவது? அந்த 30 மணி நேரத்தை எதற்கு எவ்வளவு ஒதுக்குவது? அடுத்த ஆண்டு எதைக் கற்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஒலிநாடா:
நழுவுவது பட்டறையின் இயல்பு, உங்கள் குறை அல்ல. 2004-இல் மில்லரும் குழுவினரும் 140 சிகிச்சையாளர்களை வைத்துச் செய்த ஆய்வில் இது துலக்கமாகத் தெரிந்தது. இரண்டு நாள் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் பட்டறை மட்டும் பெற்றவர்களின் திறன் சில மாதங்களில் சரிந்தது. பட்டறைக்குப் பின் தங்கள் ஒலிப்பதிவுக்கு மதிப்பெண்ணும் பின்னூட்டமும் பெற்றவர்களும், சில தொலைபேசி வழிகாட்டல்கள் பெற்றவர்களும் திறனைத் தக்கவைத்தார்கள். இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று: கிளையன்ட்டின் பேச்சிலேயே மாற்றம் தெரிந்தது, பின்னூட்டம், வழிகாட்டல் இரண்டும் சேர்ந்து கிடைத்த குழுவில் மட்டும்தான்.

ஆகவே 30 மணி நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். ஒரே ஒரு பட்டறை, 12 மணி நேரம். அதே முறைக்கு, அந்தப் பட்டறை முடிந்த வாரத்திலிருந்தே, மாதம் ஒரு மணி நேரம் வீதம் ஒலிப்பதிவோடு மேற்பார்வை, அதாவது உங்கள் அமர்வின் பதிவை அனுபவமுள்ள ஒருவர் கேட்டுக் கருத்துச் சொல்வது: 12. அறநெறி, சட்டம், பதிவேடு பராமரிப்புக்கு 3. மீதி 3 வாசிப்புக்கு. இரண்டாவது பட்டறை வேண்டாம். ஒரே ஆண்டில் இரண்டு புதிய முறைகளைத் தொட்டால் இரண்டுமே கைக்கு வராது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேற்பார்வை நேரத்தையும் சகாக்கள் குழுவையும் கணக்கில் ஏற்பதா, எத்தனை மணி நேரம் வரை ஏற்பது என்பது ஒவ்வொரு பதிவு அமைப்புக்கும் மாறும். தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். ஏற்க மாட்டோம் என்றால் கணக்குக்கு வெபினாரைக் காட்டிவிட்டு, மேற்பார்வையை அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

மேற்பார்வையில் பெரும்பாலோர் செய்யும் தவறு, நடந்ததை நினைவிலிருந்து சொல்வது. நாம் கேட்ட நல்ல கேள்வி நினைவில் நிற்கும், கிளையன்ட் அழத் தொடங்கியதும் பேச்சை மாற்றியது நிற்காது. அதனால் அமர்வின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள். முழு அமர்வும் தேவையில்லை. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் திறனை அளக்கும் எம்ஐடிஐ (MITI) முறையில் குலுக்கல் போல எடுத்த 20 நிமிடத் துண்டுதான் மதிப்பிடப்படுகிறது. உங்களுக்குப் பிடித்த துண்டை நீங்களே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம். அதில் நீங்கள் கேட்ட கேள்விகளையும், கிளையன்ட் சொன்னதை எதிரொலித்த வாக்கியங்களையும் எண்ணுங்கள். அந்த முறையின் நான்காம் பதிப்பில் ஒரு கேள்விக்கு ஒரு எதிரொலிப்பு என்பது பரவாயில்லை ரகம், இரண்டு என்பது நன்று. எதிரொலிப்புகளில் பாதியாவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் சொல்லாத பொருளையும் தொட்டிருக்க வேண்டும். முதல் தடவை எண்ணும்போது கேள்விகள் குவிந்துகிடப்பதுதான் வழக்கம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) என்றால், அதில் சிகிச்சையாளரின் திறனை அளக்கும் சிடிஆர்எஸ் (CTRS) அளவுகோல்: 11 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 66, பொதுவாக 40 தேறும் மதிப்பெண். முதலில் நீங்கள் போட்டு ஒளித்து வையுங்கள், பிறகு மேற்பார்வையாளர் போடட்டும். இரண்டும் எங்கே விலகுகிறதோ அந்தக் கூறுதான் அன்றைய பாடம்.

கடைசியாக ஒன்று. பின்னூட்டம் கேட்டு முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அதே இடத்தை ரோல் பிளேயாக உடனே திரும்பச் செய்யுங்கள், ஐந்து நிமிடம் போதும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம். "இப்படிச் சொல்லியிருக்கலாம்" என்று பேசிக் கலைவதற்கும், வாயால் சொல்லிப் பழகுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எண்கோடு:
ஒலிநாடா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அளவுகோல் மதிப்பெண்ணே இலக்காகிவிடக் கூடாது. 36 ஆய்வுகளைத் தொகுத்து வெப், டிரூபைஸ், பார்பர் மூவரும் 2010-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், முறையை வழுவாமல் பின்பற்றுவதற்கும் கிளையன்ட் குணமடைவதற்குமான ஒட்டுறவு 0.02, திறமைக்கும் குணமடைவதற்குமானது 0.07. ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அனுபவம் கூடினால் தானாகச் சரியாகும் என்பதும் நிற்கவில்லை. 170 சிகிச்சையாளர்களையும் 6,591 கிளையன்ட்டுகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த கோல்ட்பெர்க் குழுவின் 2016 ஆய்வில், அனுபவம் ஏற ஏறச் சராசரி விளைவு மிகச் சிறிய அளவில் இறங்கியே இருந்தது.

விளைவோடு சேர்ந்து நகர்ந்தது எது என்றால், கடினமான தருணத்தில் என்ன சொல்கிறோம் என்பது. ஆண்டர்சனும் சகாக்களும் 2009-இல் 25 சிகிச்சையாளர்களுக்குச் சிக்கலான கிளையன்ட்டுகளின் காணொளித் துண்டுகளைப் போட்டுக் காட்டி, உடனே பதில் சொல்லச் செய்தார்கள். அந்தப் பதில்களில் இருந்த பரிவும் தெளிவும் உறவைப் பேணும் திறனும், அவர்களின் கிளையன்ட்டுகள் எவ்வளவு தேறினார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டின. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வயதோ பொதுவான சமூகத் திறனோ அப்படிக் காட்டவில்லை.

இதைப் பயிற்சியாக்குவது எளிது. சக உளவியலாளர் ஒருவர் நடித்து, ஒரு நிமிடத் துண்டுகளாகப் பத்துப் பதிவு செய்து தரட்டும்: "நீங்க என்ன சொன்னாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை", நீண்ட மௌனம், பணத்தைப் பற்றிய கோபம், உங்கள் தகுதியை நோண்டும் கேள்வி. துண்டு முடிந்ததும் பத்து விநாடிக்குள் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பதியுங்கள். கேளுங்கள். அதே துண்டுக்கு இன்னொரு தடவை. வாரம் இருமுறை 20 நிமிடம். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில்லை. தடுமாறுவது குரல்தான்.

"அடுத்த ஆண்டு எதைக் கற்பது" என்ற கேள்விக்கு உங்கள் விருப்பத்தை நம்பாதீர்கள். 2012-இல் வால்ஃபிஷ் குழுவினர் 129 மனநலத் தொழில்முறையினரிடம் கேட்டபோது, கால்வாசிப் பேர் தங்களைச் சகாக்களில் மேல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார்கள். சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பதிலாக, கடந்த 12 மாதத்தில் முடிந்த கோப்புகளை எடுத்து நான்கு குவியலாகப் பிரியுங்கள்: முதல் இரண்டு அமர்வோடு வராமல் போனவர்கள், எட்டு அமர்வு தாண்டியும் அறிகுறி மதிப்பெண் அசையாதவர்கள், மோசமானவர்கள், தேறியவர்கள். முதல் குவியல் பெரிதென்றால் உங்களுக்குத் தேவை புதிய சிகிச்சை முறையே அல்ல, முதல் அமர்வை நடத்தும் விதம். இரண்டாவதில் ஒரே வகைச் சிக்கல் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் பட்டறைத் தலைப்பு.

இப்படிப் பிரிக்க மதிப்பெண் வேண்டுமே. கிளையன்ட்டே நிரப்பும் கேள்வித்தாள்கள் இருக்கின்றன: மனச்சோர்வுக்குப் பிஎச்கியூ-9 (0 முதல் 27), பதற்றத்துக்கு ஜிஏடி-7 (0 முதல் 21), ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால். பிஎச்கியூவில் 5 புள்ளி நகர்ந்தால்தான் பொருள்படும் மாற்றம், 2 புள்ளி ஏறி இறங்குவதை மறந்துவிடுங்கள். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதை அமர்வு தொடங்கும் முன் பார்த்தே ஆக வேண்டும், கிளையன்ட் போன பிறகு கோப்பில் போடும்போது அல்ல. பத்துப் பேரின் சராசரியை வைத்து உங்களை எடை போடவும் கூடாது. மிக மோசமான கட்டத்தில் வருபவரின் மதிப்பெண் சிகிச்சை இல்லாமலே பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும், அதை உங்கள் சாதனையாக எழுதிக்கொண்டால் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ஒலிநாடா:
அந்தத் தொகுப்பாய்வு எண்கள் சரி. ஆனால் அதில் வரும் ஆய்வுகள் பலவற்றில் சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்றப்பட்டு, கண்காணிக்கப்பட்டவர்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் ஒட்டுறவு சுருங்கித்தான் காட்டும். கண்காணிப்பே இல்லாத தனி அலுவலகத்தில் நிலைமை வேறு. எக்ஸ்போஷரையே எடுத்துக்கொள்ளுங்கள்: கிளையன்ட் அஞ்சும் விளைவை முன்கூட்டி எழுதி வாங்காமல் தொடங்குவது, பதற்றம் ஏறியதும் "ஒண்ணும் ஆகாது" என்று தேற்றிவிடுவது, தைரியத்துக்காகக் கிளையன்ட் பையில் வைத்திருக்கும் மாத்திரையைக் கவனிக்காமல் விடுவது. இந்த மூன்றில் எது நடந்தாலும் "நான் பயந்தது நடக்கவில்லை" என்ற பாடம் கிளையன்ட்டுக்குப் போய்ச் சேராது. பதிவைக் கேட்கும் இன்னொரு காதுக்குத்தான் இது பிடிபடும். காணொளித் துண்டுப் பயிற்சியை முழுமனதோடு ஏற்கிறேன், மாதாந்திர மேற்பார்வைக்கு நடுவில் வைத்துக்கொள்ள மிகப் பொருத்தம்.

தனியறை:
இருவருக்கும் நன்றி. பதிவு செய்வதுதான் தயக்கமாக இருக்கிறது. சம்மதம் எப்படி வாங்குவது, கோப்பை எப்படிக் காப்பது?

பூட்டுச்சாவி:
சிகிச்சைச் சம்மதப் படிவத்தில் ஒரு வரியாக நுழைக்காதீர்கள், தனித்தாள் வேண்டும். யார் கேட்பார்கள், எதற்காக, எந்தத் தேதிக்குள் அழிப்பீர்கள், நடுவில் நிறுத்தச் சொல்லலாம், மறுத்தால் சிகிச்சையில் எதுவும் குறையாது, இவை எல்லாம் எளிய தமிழில். நெருக்கடியில் வந்தவரிடம் முதல் நாளே நீட்டக் கூடாது, அந்த நேரத்துக் கையெழுத்து உண்மையான சம்மதம் ஆகாது. நீதிமன்ற வழக்கில் இருப்பவர்களிடம் கேட்கவே வேண்டாம், பதிவு இருந்தால் கேட்டு வாங்கப்படலாம். யாராலோ படமெடுத்து மிரட்டப்பட்ட அனுபவம் உள்ளவர்களிடமும் அப்படியே.

கைபேசியில் பதியாதீர்கள். அது தானாக இணையச் சேமிப்புக்கு நகலெடுத்துவிடலாம், அந்த வழியில் கசியவும் கூடும். இணையத்தோடு சேராத சிறிய ஒலிப்பதிவுக் கருவி, மைக் கிளையன்ட் பக்கமாக, ஏசி காற்று படாத இடத்தில். பிறகு கடவுச்சொல்லோடு குறியாக்கம் செய்த பென் டிரைவுக்கு மாற்றி, கருவியில் உள்ளதை அழித்துவிடுங்கள். கோப்புப் பெயரில் பெயரோ தேதியோ வேண்டாம், குறியீட்டு எண் போதும். மேற்பார்வையாளருக்கு அனுப்பாதீர்கள், சந்திப்பில் நீங்களே போட்டுக் காட்டுங்கள். இலவசமாக எழுத்தாக்கித் தரும் இணையச் சேவைகளில் ஏற்றவே கூடாது. அழித்த தேதியைப் பதிவேட்டில் குறியுங்கள்.

மேற்பார்வையாளரே கிடைக்காவிட்டால் நான்கு பேர் கொண்ட சகாக்கள் குழு, மாதம் 90 நிமிடம். ஒருவர் ஒரே ஒரு கேள்வியோடு பத்து நிமிட ஒலித்துண்டு கொண்டுவருவார். முதல் 15 நிமிடம் கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும், "நானாக இருந்தால்" என்று தொடங்கத் தடை. இந்த விதி இல்லாத குழு இரண்டு மூன்று மாதத்தில் அரட்டையாகிவிடும்.

எண்கோடு:
ஒரு விடுபாடு. அறிவுத்திறன் சோதனை செய்பவர்களுக்கு இதே போன்ற பயிற்சி உண்டு, அதைப் பட்டறை தராது. ஆண்டுக்கு ஐந்து விடைத்தாள்களை, பெயரை மறைத்து, இன்னொருவர் தனியாக மறுபடி மதிப்பிடட்டும். பிழைகள் பெரும்பாலும் பழகிய இடத்தில்தான் இருக்கும்: பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட்டதில், கூட்டலில், அட்டவணையில் பக்கத்து வரியைப் பார்த்ததில், பதிலைச் சொன்னபடியே எழுதாமல் சுருக்கியதில், மேலும் விசாரிக்க வேண்டிய பதிலை விட்டதில். நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டிய எண் வரிசையை வாசிக்கும்போது விநாடிக்கு ஓர் எண் என்ற வேகம் தப்புவது இன்னொன்று. எண்களைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கு நினைவில் வைப்பது சுலபமாகி மதிப்பெண் ஏறிவிடும். தனியாக வாசித்துப் பதிந்து நிறுத்துகடிகாரத்தோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பதிவில் கிளையன்ட்டே இல்லை என்பதால் சம்மதத்தாளும் தேவைப்படாது.