லண்டனின் குன்றூர் ஹைகேட்: செல்வந்தர் ஊரானது எப்படி, ஊராகவே நிலைத்தது எப்படி?

கேள்வி: குன்றேறி

ஆர்ச்வே சாலையிலுள்ள முருகன் கோயிலுக்குப் பல ஆண்டுகளாக வந்துபோகிறேன். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று சொல்லிக்கொண்டு வந்தேனே தவிர, அந்தக் குன்றின் உச்சியிலிருக்கும் ஹைகேட் ஊருக்குச் சென்ற வாரம்தான் முதன்முறையாக ஏறிப்போனேன். கோயில் வாசலில் லாரிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. கால் மணி நேரம் மேட்டில் நடந்தால், முதிர்ந்த மரங்களும், செங்கல்லின் நிறம் மங்கிய பழைய வீடுகளும், எதிர்ச்சாரியில் பேசுவது காதில் விழும் அளவுக்கு அமைதியும் இருக்கின்றன. நடுவிலுள்ள சதுக்கத்துக்குப் பாண்ட் ஸ்கொயர், அதாவது குளச் சதுக்கம், என்று பெயர். ஆனால் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் குளம் எதுவும் தென்படவில்லை. வீட்டுத் தரகர் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைகளோ மில்லியன் கணக்கில் இருந்தன. மாநகரம் நாற்புறமும் வளர்ந்து சூழ்ந்த பிறகும், இது செல்வந்தர் ஊராகவும் அதே சமயம் சிற்றூராகவும் நிலைத்தது எப்படி? முழங்கால் வலியுள்ள என் தாயாரை அழைத்துவந்தால் எவற்றைக் காட்டலாம்?

பதில் 1: பழஞ்சுவடி

விடையின் முதல் பாதி ஊரின் பெயரிலேயே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆயர் (பிஷப்) தமக்குரிய வேட்டைக்காட்டின் ஊடாக வடக்கே போகும் பாதையைத் திறந்துவிட்டு, மேட்டின் உச்சியில் வாயில் அமைத்துச் சுங்கம் வாங்கினார். உயரத்து வாயில் என்பதே ஹைகேட். அந்த வாயில் நின்ற இடத்தில் இன்று கேட்ஹவுஸ் என்ற மதுவிடுதி இருக்கிறது. குதிரைகள் மேடேறிக் களைத்து நிற்கும் இடமாதலால் சத்திரங்கள் பெருகின. சத்திரங்களைத் தொடர்ந்து செல்வர்கள் வந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரம், நிலக்கரிப் புகைக்கு மேலான காற்று, நகரத்துக்குக் குதிரையில் போய்வரக்கூடிய தொலைவு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது. லாடர்டேல் மாளிகை 1582இல் எழுந்தது. தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேகன் 1626இல் இங்கிருந்த அருண்டெல் பிரபுவின் வீட்டில் காலமானார். கவிஞர் கோலரிட்ஜ் 1816இல் தம்மைக் கவனித்துக்கொண்ட மருத்துவரின் வீட்டுக்கு வந்து, 1834இல் இறக்கும் வரை இந்த ஊரிலேயே வாழ்ந்தார்.

விடையின் மறு பாதியைத் தாங்கள் கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டீர்கள். செங்குத்தான ஹைகேட் மேட்டில் பாரவண்டிகள் திணறியதால், ஊருக்குக் கிழக்கே தாழ்வான இடத்தில் சுரங்கப்பாதை தோண்ட முயன்றார்கள். அது 1812இல் இடிந்து விழவே, இடிந்த பள்ளத்தையே திறந்த சாலையாக்கி, மேலே குறுக்கிடும் ஹார்ன்சி லேனைத் தாங்க ஜான் நாஷ் வடிவமைத்த வளைவுப் பாலத்தைக் கட்டினார்கள். 1813இல் திறக்கப்பட்ட அந்தக் கீழ்ச்சாலைதான் ஆர்ச்வே சாலை. தொலைதூர வண்டிகள் அதில் இறங்கிவிட்டன. 1867இல் வந்த ரயிலும் உச்சியைத் தொடாமல் சரிவோடு போய்விட்டது. சுங்கத்தால் வளர்ந்த ஊரை நெடுஞ்சாலை விட்டு விலகியதால்தான் அது சிற்றூராக நின்றது என்பது என் உறுதியான கருத்து.

குளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாலையைச் செப்பனிடச் சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி அங்கே குளங்கள் உண்டாயின. 1864இல் அவற்றைத் தூர்த்துவிட்டார்கள்.

பதில் 2: மரநிழல்

தாயாருடன் வருவதாக இருந்தால் தயவுசெய்து நடந்து ஏறாதீர்கள். ஆர்ச்வே நிலையத்திலிருந்து 210ஆம் எண் பேருந்து ஹைகேட் மேட்டின் வழியாகவே ஊருக்குள் செல்கிறது. ஏறும்போது பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள்: ஓரிடத்தில் நடைபாதை சாலையைவிட ஆள் உயரத்துக்கு மேலெழுந்து, கம்பித் தடுப்போடு திண்ணைபோல் நீளும். அதன் மேல் நிற்கும் செங்கல் மாளிகை 1630களில் கட்டப்பட்ட குரோம்வெல் ஹவுஸ். பெயர் அப்படியிருந்தாலும், 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் குரோம்வெல் அங்கே வாழ்ந்தவர் அல்லர். எதிர்ப்புறம் லாடர்டேல் மாளிகையும் அதையொட்டி வாட்டர்லோ பூங்காவும் இருக்கின்றன. சர் சிட்னி வாட்டர்லோ 1889இல், தோட்டமில்லாதவர்களுக்கு ஒரு தோட்டமாக இருக்கட்டும் என்று தம் நிலத்தை அப்படியே பொதுமக்களுக்குக் கொடுத்தார். பூங்காவின் உள்ளே சரிவு அதிகம். மாளிகையை ஒட்டிய மேல்தளத்தில் அமர்ந்தாலே போதுமானது. இலையுதிர்ந்த மாதங்களில் மரக்கிளைகளின் இடைவெளியில் நகரம் வெகு கீழே தெரியும்.

பிறகு அதே பேருந்தில் கென்வுட் ஹவுஸ் வரை செல்லுங்கள். அனுமதி இலவசம். ரெம்பிராண்ட் தம்மையே வரைந்த ஓவியமும், கிட்டார் வாசிக்கும் பெண்ணை வெர்மீர் வரைந்த ஓவியமும் அங்கே உள்ளன. வீட்டின் முன் புல்வெளி இறங்கி முடியும் இடத்தில் ஏரியும், அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பாலமும் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் அது பாலமே அன்று, காட்சிக்காக நிறுத்திய மரமுகப்பு என்பது விளங்கும். என் மகள் அதைக் கண்டுபிடித்த நாளில் வீடு திரும்பும் வரை அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

பதில் 3: வடலண்டன்வாசி

பழஞ்சுவடி அவர்கள் எழுதியதோடு எனக்கு உடன்பாடுண்டு. ஆனால் நெடுஞ்சாலை விலகியது மட்டும் காரணமாகாது. 1970களிலும் 80களிலும் ஆர்ச்வே சாலையை அகலப்படுத்தும் திட்டம் மீண்டும் மீண்டும் வந்தது. பொது விசாரணைக் கூட்டங்களில் ஊர்மக்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள். 1990இல் அது கைவிடப்பட்டது. கென்வுட் நிலமும் 1920களில் மனைகளாகப் போகவிருந்து மீட்கப்பட்டதே.

இடுகாட்டின் கதையும் அப்படித்தான். 1839இல் ஒரு தனியார் நிறுவனம் திறந்த ஹைகேட் இடுகாட்டின் கிழக்குப் பகுதியில் கார்ல் மார்க்ஸ் அடக்கமாகியிருக்கிறார். நிறுவனத்திடம் பணம் தீர்ந்து மேற்குப் பகுதி பூட்டப்பட்ட 1975ஆம் ஆண்டிலேயே, அதைக் காக்க நண்பர்கள் குழு ஒன்று உருவானது. தன்னார்வலனாகச் சில சனிக்கிழமைகள் அங்கே ஐவிக்கொடி அகற்றியிருக்கிறேன். கொடியைப் பிடித்து இழுத்தால் கல்லும் பெயர்ந்து வரும். ஆகவே அடியில் வெட்டிவிட்டு, அது காய்ந்து தானே விடும் வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காய்ந்த ஒரு கொடியை உரித்தபோது, கீழே ஒரு குழந்தையின் பெயரும் வயதும் வெட்டிய மறுநாள்போல் கூர்மையாக இருந்தன.

மேற்குப் பகுதியில் கல்லறைகள் ஒரு தேவதாரு மரத்தைச் சுற்றி வட்டமாகக் குடையப்பட்டிருக்கின்றன. இடுகாட்டைவிட மூத்த அந்த மரம் நோயுற்றதால் 2019இல் வெட்டப்பட்டு, அதே இடத்தில் புதிய கன்று நடப்பட்டது. ஏற்றம் கடுமையென்பதால் தங்கள் தாயாருக்கு அது இயலாது; தாங்கள் தனியே வரும் ஒரு நாளில் பாருங்கள்.