கற்பனை உலகில் மந்திர ஆற்றலுக்கு வரம்பு: இயற்பியல் அறிந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிவரும் மிகுபுனைவு நாவலின் உலகில், மந்திரம் செய்பவர் அதற்கான ஆற்றலைச் சுற்றியுள்ள வெப்பத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஆனால் கணக்கிட்டால் மந்திரம் மிக மலிவாகிவிடுகிறது: 1,000 கிலோ பாறையை 10 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 98,000 ஜூல் போதும் என்பதால், 1 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து ஏறத்தாழ 7 பாகைக்குக் குளிர்வித்தாலே வேலை முடிந்துவிடும். அப்படியானால் எந்தக் கோட்டையும் நிற்காது.

ஆகவே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை அங்கும் செல்லுபடியாக்க விரும்புகிறேன். எடுத்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் குளிர்ந்த ஓரிடத்தில் விட்டாக வேண்டும் என்றால், பனிமலை அடிவாரத்தில் மந்திரம் ஓங்கும். எங்கும் ஒரே வெப்பநிலை நிலவும் சமவெளியில் அது ஒடுங்கும். (நாடுகளின் வலிமையைப் புவியியலே தீர்மானிக்கும் என்பதால் இத்தீர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.) 300 கெல்வின் (27 பாகை) காற்றுக்கும் 273 கெல்வின் (0 பாகை) பனிக்கும் இடையே கார்னோ வரம்பு, அதாவது எடுத்த வெப்பத்தில் வேலையாக மாற்றக்கூடிய அதிகபட்சப் பங்கு, 9 விழுக்காடுதான்; மீதி வெப்பம் பனிக்கே போவதால் அதே பாறையை உயர்த்தக் குறைந்தது 3 கிலோ பனி உருகும்.

இவ்வளவு வெப்பமும் மந்திரவாதியின் உடல் வழியாகவே கடக்க வேண்டும் என்று வைத்தால், உயிருக்கு ஆபத்தின்றி ஒரு நிமிடத்தில் எவ்வளவு கடக்கலாம்? கணக்கிடும் முறையை விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.