கடலோரம், வயலோரம்: குமரியில் ஓடும்போது எதிர்ப்பட்டவர்கள்

நெய்தல் ஓட்டம்:

நாகர்கோவிலில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றியே ஓடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். கொஞ்ச தூரம் போனால் கடல், அதற்கு முன்னாலேயே வயல். எத்தனை கிலோமீட்டர், எங்கே ஏற்றம் என்பதைக் கைபேசி சொல்லிவிடும். விடியற்காலையில் அங்கே யார் இருப்பார்கள், என்ன வேலை நடக்கும், அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எப்படிப் போவது என்பதை ஓடியவர்கள்தான் சொல்ல முடியும். உங்கள் பாதையையும் அங்கே சந்தித்தவர்களையும் பற்றி எழுதுங்கள்.

என்னுடைய பாதை மேல மணக்குடியிலிருந்து சொத்தவிளை வழியாகச் சங்குத்துறை வரை கடற்கரைச் சாலை. பழையாறு கடலில் சேரும் கழிமுகத்தில் பாலத்தருகே தொடங்குவேன். ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள், எதிர்க்கரையில் கீழ மணக்குடி. 2004 சுனாமியில் இங்கிருந்த பாலம் பெயர்ந்து போனது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டியது.

அந்தப் பாலத்தில் மீன் சட்டியோடு ஆட்டோவுக்காக நின்ற ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "எந்த ஊரு மக்களே?" என்று தொடங்கி, தன் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று கைநீட்டிக் காட்டினார். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பாதிப் பேரு கோயில்ல, பாதிப் பேரு கரையில" என்றார். அழவில்லை. நேற்று நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். ஆட்டோ வந்ததும் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பாலத்தின் மேல் நான் ஓடுவதில்லை. நடந்து கடந்து, மறுபக்கம் போய்த்தான் கடிகாரத்தைத் தொடங்குகிறேன்.

பள்ளத்துப் பையன்:

அக்கா, எங்க ஊர் வழியாகத்தான் போகிறீர்கள், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மணலில் இறங்கி ஓட வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

கரமடி இழுக்கிற நாளில் கரையில் இரண்டு பக்கமும் வடம் நீண்டு கிடக்கும். ஒரு வள்ளம் வலையைக் கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு வரும், கரையில் நிற்கிறவர்கள் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். வடம் இறுகி நிற்கும்போது அதைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. அலை வாங்கினால் வடம் சட்டென்று எழும், காலை வாரிவிடும். மேலே சாலைக்கு ஏறி, ஆட்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். நேரம் இருந்தால் நீங்களும் ஒரு கை பிடியுங்கள். பத்து நிமிடம் வடம் இழுத்தால் தொடையும் முதுகும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியும். சென்னையிலிருந்து வந்த ஒரு அண்ணன் இப்படிப் பிடித்து, மடி கரைக்கு வரும்வரை விடவே இல்லை. சாளை மீன் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். பணம் நீட்டினார், யாரும் வாங்கவில்லை.

மணலில் ஓடுவது நீர் வற்றி ஈரம் இறுகிக் கிடக்கும் நேரத்தில்தான் நல்லது. அப்போதும் கரை கடலைப் பார்த்துச் சரிந்தே இருக்கும், ஒரே திசையில் நீள ஓடினால் ஒரு பக்க முட்டியும் கணுக்காலும் பிடித்துக்கொள்ளும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும். கறுப்பு மணல் உள்ள இடங்கள் வெயில் ஏறியதும் சீக்கிரம் சுடும், வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் கவனம்.

முக்கியமான ஒன்று, கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து வந்து திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சித்திரை, வைகாசியில் கூடுதல் கவனம் வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் மணலில் கால் வைக்காதீர்கள், சாலையிலேயே ஓடுங்கள். கரையில் இருக்கிற பெரியவர் யாராவது "மேல ஏறு" என்று சத்தம் போட்டால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் ஏறுங்கள்.

தேரூர்க் கரை:

தம்பி கடலைச் சொன்னார், நான் வயலைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், என் வேகம் மெதுவானது. சுசீந்திரம் குளக்கரையில் தொடங்கி தேரூர் குளம் வரை, உள்ளே வயல் நடுவில் போகும் சிறு சாலைகளில் ஓடுவேன். இந்த இரண்டு குளங்களையும் சேர்த்து 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். குளிர் மாதங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஓடுகிற காலடிச் சத்தத்துக்குப் பறப்பதில்லை. கூட்டமாகப் பேசிக்கொண்டு போனால் எழும்பிவிடும். அதனால் தனியாக அல்லது இருவராக வருவது நல்லது.

நாஞ்சில் நாட்டில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியில் வரும், கும்பப்பூ மாசியை ஒட்டி. அந்த நாட்களில் நெல்லைச் சாலையில் காயப்போட்டிருப்பார்கள். ஒரு முறை பாதிச் சாலைக்கு மேல் நெல் விரித்திருந்தது. காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெரியவர், "சார், செருப்பைக் கழட்டிட்டு நெல்லு மேலேயே வாங்க, எனக்கும் கிளறின மாதிரி ஆகும்" என்றார். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் சொன்னபடி பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து அந்த நீளத்தை நடந்தேன். ஈரம் எவ்வளவு போயிருக்கிறது என்று ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவனுக்கு அது ஒரு நல்ல வகுப்பு. அன்று ஓட்டம் அங்கேயே நின்றுபோனது, எனக்கு வருத்தமே இல்லை.

அறுப்பு முடிந்த வயல் வரப்பில் பாம்பு உண்டு. இருட்டோடு வருகிறவர்கள் கைவிளக்கு இல்லாமல் வரப்பில் இறங்க வேண்டாம்.

புதிதாக ஓடுபவள்:

அக்கா, தனியாக வரலாமா? நாய் தொல்லை எப்படி? இதைத்தான் வீட்டில் கேட்கிறார்கள்.

நெய்தல் ஓட்டம்:

நியாயமான கேள்வி. கடற்கரை ஊர்களில் விடியும் முன்பே பெண்கள் சாலையில் இருப்பார்கள், மீன் எடுக்கப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். எனக்குத் தைரியம் தந்தது அவர்கள்தான். ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஆளில்லாத நீளம் வரும், அங்கே வெளிச்சம் வந்த பிறகு போங்கள். முதலில் துணையோடு வாருங்கள், முகம் பழகட்டும். மீன் உலர்த்தும் இடங்களில் நாய் இருக்கும். ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் அதுவே போதும். அங்கே இருக்கும் அக்காமார் ஒரு அதட்டு போட்டால் நாய் ஒதுங்கிவிடும்.

கிழக்குக் காற்று:

எல்லோரும் மேற்கையே எழுதுகிறீர்கள், அதனால் கிழக்குப் பக்கம் ஒன்று. கன்னியாகுமரியிலிருந்து சின்னமுட்டம், லீபுரம் வழியாக வட்டக்கோட்டை, சுமார் 7 கி.மீ. தென்னந்தோப்பு, காற்றாலை, நடுவில் கொஞ்சம் வயல். கோட்டை திருவிதாங்கூர் கட்டியது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனியின் படை அதிகாரி டி லனாய், பிறகு அதே திருவிதாங்கூர் அரசுக்குத் தளபதியாகி இந்தக் கோட்டையையும் பலப்படுத்தினார். அதிகாலையில் கோட்டைக் கதவு திறந்திருக்காது, வெளிச் சுவரையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்த நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கி நிற்கும், கரையெல்லாம் வலை விரித்துச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். தண்ணீர் கேட்டு நின்றபோது ஒரு அண்ணாச்சி உட்கார வைத்துப் பேசினார். ஒரே மாவட்டத்தில் கிழக்குக் கடலுக்கு ஒரு தடை, குளச்சல் பக்கம் மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இன்னொரு தடை என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தடைக்காலத்தில் வருமானம் எப்படி என்று கேட்டேன். "கடன்தான். கடலுக்குப் போயித்தான் அடைக்கணும்" என்றார். நான் அழகான காலை என்று ஓடுகிற அந்த வேளை அவருக்கு எப்படிப்பட்ட வேளை என்பது அன்றைக்குப் புரிந்தது. இப்போதும் போகும்போதெல்லாம் நின்று பேசிவிட்டுத்தான் நகர்வேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் மேற்கு நோக்கித் தொடங்குங்கள், எதிர்க்காற்றை முதலிலேயே வாங்கிவிடலாம், திரும்பும்போது தள்ளிவிடும்.

முட்டத்து ஏற்றம்:

மலை ஓட்டத்துக்கு இடம் தேடுகிறவர்கள் முட்டம் வாருங்கள். கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் செம்மண் மேடு போதும், நான்கு தடவை ஏறி இறங்கினால் உடம்பு சொல்லும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும், அன்று தார்ச் சாலையிலேயே நில்லுங்கள். முடித்ததும் மட்டி வாழைப்பழம் இரண்டு, பருவத்தில் அக்கானி (பதநீர்) ஒரு குவளை. நான் வேறு எதுவும் எடுத்துப் போவதில்லை.

புதிதாக ஓடுபவள்:

வரும் ஞாயிறு மணக்குடியிலிருந்து தொடங்கலாம் என்று தங்கையோடு வருகிறேன். எத்தனை மணிக்கு?

பள்ளத்துப் பையன்:

ஐந்தேமுக்காலுக்குப் பாலத்துக்கு வந்துவிடுங்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு ஆலயத்தின் முன் கூட்டம் இருக்கும், அங்கே ஓடாமல் ஓரமாக நடந்து கடக்க வேண்டும். வண்டியை ஆலய முற்றத்தில் விடாதீர்கள், பாலத்துக்கு இந்தப் பக்கம் இடம் இருக்கிறது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் சனிக்கிழமை ராத்திரியே இங்கே எழுதிவிடுகிறேன், அப்படியானால் சார் சொன்ன தேரூர் பக்கம் போகலாம்.